பேரிக்காய் மூக்குப் பேரரசர்

மூக்குக்கு ஒரு பேரிக்காய். கன்னங்களுக்குச் சிவக்கப் பழுத்த இரண்டு பழங்கள். கண்ணிமைக்குப் பட்டாணித் தோல். உதட்டுக்கு ஒரு ஜோடி செர்ரி. நெற்றிக்கு வழவழப்பாக ஒரு முலாம்பழம். காதில் கடுக்கன் மாதிரி, பழுத்து வெடித்த அத்திப்பழம் ஒன்று தொங்குகிறது. தலைமுடி முழுக்க திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும். மார்பு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பரங்கிக்காய். தோளில் குறுக்கே போட்ட பட்டையாக, பலநிறப் பூக்கள்.

முதல்முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். வீட்டில் குழந்தைகளிடம் காட்டினால் ‘அது என்ன காய், இது என்ன பழம்’ என்று அரைமணி நேரம் ஓடிவிடும். ஆனால், இந்தப் படத்தில் இருப்பவர் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய பதவியில் உட்கார்ந்திருந்த மனிதர். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப். வரைந்தவரோ அந்தக் குடும்பத்திடம் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த அரண்மனை ஓவியர். படத்தை வேறு யாருக்கும் விற்கவில்லை. நேராகப் பேரரசருக்கே அனுப்பி வைத்தார்.

முதலாளியின் மூக்கைப் பேரிக்காயாக வரைந்து முதலாளிக்கே அனுப்பினால் என்ன நடக்கும்? இந்த ஓவியருக்கு நடந்தது வேறு. 1592-ல் பேரரசர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார்.

அவர் பெயர் ஜூசெப்பே ஆர்ச்சிம்போல்டோ. இத்தாலியின் மிலான் நகரத்துக்காரர். அப்பாவும் ஓவியர்தான். மிலானின் பெரிய தேவாலயத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் செய்யும் வேலையில் அப்பாவுடன் சேர்ந்து தொழில் பழகியவர். 1562-ல் வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹாப்ஸ்பர்க் வம்சத்தில் முதலாம் ஃபெர்டினாண்ட், அவர் மகன் இரண்டாம் மாக்சிமிலியன், பேரன் இரண்டாம் ருடால்ஃப் என்று மூன்று தலைமுறைப் பேரரசர்களிடம் வேலை.

அரண்மனை ஓவியர் என்றால் சுவரில் மாட்ட ராஜாவின் படம் வரைபவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்கு வேடம் வடிவமைப்பதும், குதிரை வண்டிக்கு அலங்காரம் போடுவதும், விழாவுக்கு மேடை கட்டுவதும் அவர் தலையில்தான் விழும். விழா உடைகளுக்காக ஆர்ச்சிம்போல்டோ பேனாவும் மையும் கொண்டு வரைந்த 148 சித்திரங்களைத் தொகுத்து, 1585-ல் ருடால்ஃபுக்குக் கொடுத்தார். ஃப்ளோரன்ஸ் நகரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. சமையல்காரருக்கும் வேடம் உண்டு, டிராகனுக்கும் வேடம் உண்டு.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். செடி, பறவை, விலங்கு எல்லாவற்றையும் நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி வரைந்தார். பொலோனா நகரில் இயற்கை ஆராய்ச்சியாளர் அல்ட்ரோவாண்டி என்று ஒருவர் இருந்தார். உலகத்து உயிர்கள் அத்தனைக்கும் படம் சேர்த்துக்கொண்டிருந்தவர். அவர் சேகரிப்பிலும் ஆர்ச்சிம்போல்டோ வரைந்த படங்கள் உண்டு. பேரிக்காய் மூக்கைப் பார்த்துச் சிரிக்கும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பழங்கள் ஒவ்வொன்றும் தாவரவியல்காரர் ஒப்புக்கொள்ளும் துல்லியத்தில் வரையப்பட்டவை. கற்பனை எல்லாம் அவற்றை எங்கே வைக்கிறார் என்பதில்தான்.

அந்தக் காலத்தில் ராஜாவைத் தெய்வமாக வரைவது வழக்கமான சங்கதி. ஜூபிடராக, செவ்வாயாக, ஹெர்குலிஸாக... இப்படித்தான் போகும். ருடால்ஃபுக்கே அப்படி ஒரு சிலை உண்டு. 1603-ல் அட்ரியன் டி வ்ரீஸ் என்ற சிற்பி வார்த்த வெண்கல மார்பளவுச் சிலை, வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடம்பில் கவசம், கீழே தாங்கிப் பிடிக்க ஒரு கழுகு, ஒரு மகர மிருகம். கழுகு ஜூபிடரின் பறவை. மகரம், ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் ராசி. ‘இவர் ஜூபிடர், இவர் புதிய அகஸ்டஸ்’ என்று அர்த்தம். பார்த்தவுடன் புரியும், பார்த்தவுடன் மறந்தும் போகும். ஐரோப்பா முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

ஆர்ச்சிம்போல்டோ தேர்ந்தெடுத்த தெய்வம் வேறு. வெர்டும்னஸ். ரோமானியத் தெய்வக் கூட்டத்தில் இவர் ஒரு சின்ன தெய்வம். தோட்டம், பருவங்கள், மாற்றம் ஆகியவற்றின் அதிபதி. எந்த உருவத்தையும் எடுக்கக்கூடியவர்.

இவரைப் பற்றி ஓவிட் சொல்லும் கதை ரசமானது. பொமோனா என்று ஒரு தோட்ட தேவதை. பழமரங்களைத் தவிர வேறெதிலும் அவளுக்கு ஆசையில்லை. ஆண்கள் தொல்லை தாங்காமல் தோட்டத்துக் கதவையே அடைத்துவிட்டாள். வெர்டும்னஸுக்கு அவள்மேல் காதல். ஒருநாள் கதிர் அறுப்பவனாக வருவார், ஒருநாள் ஏர் உழுபவனாக, ஒருநாள் சிப்பாயாக, ஒருநாள் தூண்டிலோடு மீன் பிடிப்பவனாக. எல்லாம் அவளை ஒரு கணம் பார்ப்பதற்குத்தான். கடைசியில் நரைத்த கிழவி வேடத்தில் உள்ளே நுழைகிறார். பழங்களை மெச்சுகிறார். மரத்தைச் சுற்றிப் படர்ந்த திராட்சைக் கொடியைக் காட்டி, “இந்த மரம் தனியாக நின்றால் வெறும் இலைதானே, இந்தக் கொடி தனியாக இருந்தால் தரையில்தானே கிடக்கும்?” என்று கல்யாணப் பேச்சை எடுக்கிறார். கதை மேல் கதை சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை. வேடத்தைக் கலைத்துத் தன் சொந்த உருவத்தில் நின்றபோதுதான் பொமோனாவின் மனம் இளகுகிறது.

ஆக, காய்கறிக் குவியல் ஒரு தெய்வம். அந்தத் தெய்வம் ஒரு ராஜா.

இது திடீரென்று உதித்த யோசனையும் இல்லை. 1563-லேயே ஆர்ச்சிம்போல்டோ நான்கு பருவங்களை நான்கு தலைகளாக வரைந்திருந்தார். வசந்தம் முழுக்கப் பூக்கள். குளிர்காலம் பட்டுப்போன மரக்கட்டை. கோடையின் காது ஒரு மக்காச்சோளக் கதிர். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சில பத்தாண்டுகளே ஆன பயிர் அது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்கும். அந்தக் கோடையின் கழுத்துப்பட்டையில், வைக்கோல் பின்னலுக்குள் தன் பெயரையும் நெய்துவைத்தார் ஓவியர். அப்புறம் 1566-ஐ ஒட்டி நான்கு பூதங்கள்: மண், நீர், நெருப்பு, காற்று. நெருப்பின் உடம்பு பீரங்கியும் துப்பாக்கியும். கழுத்தில் ஹாப்ஸ்பர்க் குடும்பம் பெருமையோடு அணியும் தங்கக் கம்பளி விருதுச் சங்கிலி.

எட்டுப் படங்களும் 1569-ம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் பேரரசர் மாக்சிமிலியனுக்குப் பரிசாகப் போயின. கூடவே ஃபொந்தேயோ என்பவர் எழுதிய கவிதையும் போனது. படத்துக்கு என்ன பொருள் என்று அது விளக்கியது. பருவங்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அதுபோல ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கும் முடிவில்லை. உலகம் நான்கு பூதங்களால் ஆனது. பூதங்கள் பேரரசருக்கு அடங்கினால் உலகமே அடங்கியது. காய்கறிக்குள் இத்தனை அரசியல்! மாக்சிமிலியனுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. 1571-ல் குடும்பத் திருமணக் கொண்டாட்டத்தில் அவரே ‘குளிர்காலம்’ வேடம் கட்டிக்கொண்டு வந்தார். பருவங்கள் நான்கையும் இன்னொரு செட் வரையச் சொல்லி, சாக்ஸனி நாட்டு ஆட்சியாளருக்குப் பரிசளித்தார். அந்த செட்தான் இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த எட்டுத் தலைகளும் பக்கவாட்டில் பார்ப்பவை, பழைய ரோமானிய நாணயத்தில் இருக்கும் தலைகளைப் போல. வெர்டும்னஸ் மட்டும் திரும்பி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். அதோடு, முந்தைய படங்களில் ஒரு பருவத்துக்கு ஒரு தலை. இதில் வசந்தத்தின் பூ, கோடையின் கோதுமை, இலையுதிர் காலத்துத் திராட்சை, குளிர்காலத்துக் கிழங்கு எல்லாம் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில். கோதுமை முற்றும்போது வசந்தத்துப் பூ இருக்காது என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். அதுதான் செய்தியே. இந்தப் பேரரசரின் ஆட்சியில் எல்லாப் பருவமும் எப்போதும் இருக்கும், பஞ்சம் என்ற பேச்சே கிடையாது, கவிகள் பாடிய பொற்காலம் திரும்பிவிட்டது.

இந்தப் படம் வரையும்போது ஆர்ச்சிம்போல்டோ அரண்மனையில் இல்லை. 1587-ல் வயதைக் காரணம் காட்டி விடைபெற்று மிலானுக்குத் திரும்பிவிட்டார். அந்த வருடம் வரைந்த ஒரு கோட்டோவியம் ஜெனோவா நகரில் இருக்கிறது. தன்னையே வரைந்துகொண்டிருக்கிறார். காயும் இல்லை, பழமும் இல்லை. முகம், தாடி, சட்டை எல்லாம் சுருட்டியும் மடித்தும் வைத்த காகிதம். நெற்றிச் சுருக்கத்தை உற்றுப் பார்த்தால் 61 என்ற எண் தெரியும். அவர் வயது. அந்த எண்ணை வைத்துத்தான் அவர் 1526-ல் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். பேரரசருக்கு உலகத்து விளைச்சல் எல்லாம். தனக்கு வெறும் காகிதம். வாழ்க்கை முழுக்கக் காகிதத்தில் கோடு இழுத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான முகம் கிடையாது. வெர்டும்னஸைவிட இந்தச் சின்னக் கோட்டோவியம்தான் உசத்தி என்று சொல்பவர்களோடு சண்டை போட முடியாது.

மிலானிலிருந்துதான் 1590-ஐ ஒட்டி வெர்டும்னஸை வரைந்து ப்ராக் நகருக்கு அனுப்பினார். எழுபது சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். இதற்கும் ஒரு கவிதை துணைக்குப் போனது. எழுதியவர் கொமானினி என்ற துறவி. அதில் வெர்டும்னஸே வாய் திறந்து பேசுகிறார்: என்னைப் பார்த்தால் பூதம் மாதிரி இருக்கும், சிரிப்பாய், ஆனால் இந்த அவலட்சணத்துக்குள் ஒரு ராஜ உருவம் ஒளிந்திருக்கிறது, கண் இருந்தால் கண்டுபிடி. இந்தத் தோரணையில் போகிறது அந்தக் கவிதை. வெளியே கோமாளி உருவம், திறந்தால் உள்ளே தெய்வம் என்று கிரேக்கர்கள் சாக்ரடீஸைப் பற்றிச் சொன்ன பழைய உவமையின் வழிதான் இது.

அப்படியானால் எல்லாம் முகஸ்துதிதானா, கிண்டலே இல்லையா? ஆர்ச்சிம்போல்டோவுக்குக் கிண்டல் வராது என்று நினைத்தால் 1566-ல் வரைந்த ‘வழக்கறிஞர்’ படத்தைப் பார்க்க வேண்டும். முகம் முழுக்க இறகு பிடுங்கிய கோழி. வாய் ஒரு மீன். உடம்பு வழக்குக் கட்டு. அரண்மனையில் பெரிய பதவியிலிருந்த ஸாசியுஸ் என்ற சட்ட அறிஞர்தான் அது என்று பலர் சொல்கிறார்கள். அதைப் பார்த்து அரண்மனையே விழுந்து விழுந்து சிரித்ததாகக் கொமானினி எழுதியிருக்கிறார். ஆக, அவமானப்படுத்த வேண்டும் என்றால் அவருக்கு நன்றாகவே தெரியும். பேரரசருக்கு இளசான, பழுத்த, பறித்த உடனே வைத்த பழங்கள். வழக்கறிஞருக்கு உரித்த கோழி. பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே மரியாதையும் அவமரியாதையும் முடிந்துவிடுகிறது. இருந்தாலும், ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கே உரிய அந்தத் தடித்த கீழுதட்டுக்குச் சரியாகச் செர்ரியைப் பிடித்தாரே, அந்த இடத்தில் கிழவர் தனக்குத்தானே சிரித்திருக்க மாட்டார் என்று யார் சத்தியம் பண்ண முடியும்?

இப்போது படத்தில் இருப்பவரைப் பார்ப்போம்.

ருடால்ஃப் 1552-ல் பிறந்தவர். பதினோரு வயதில் ஸ்பெயினுக்கு, மாமா இரண்டாம் ஃபிலிப்பின் அரண்மனைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்தவர். 1576-ல் பேரரசர் ஆனார். 1583-ல் தலைநகரத்தை வியன்னாவிலிருந்து ப்ராகுக்கு மாற்றினார். அங்கே கோட்டைக்குள் அவர் சேர்த்த அதிசயப் பொருட்களின் கூடம் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. ஓவியம், சிலை, கடிகாரம், நவமணி, விநோத விலங்குகளின் கொம்பு, பாடம் செய்த உடல்கள்... என்னவெல்லாமோ. வானியலாளர் டைக்கோ பிராஹேயை வரவழைத்தார். அவருக்கு உதவியாளராக வந்த கெப்ளர், பிராஹே இறந்த பிறகு அதே பதவியில் உட்கார்ந்து, கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தார். ருடால்ஃப் கொடுத்த சம்பளம், பாதி நேரம் பாக்கி இருந்தாலும், வீண் போகவில்லை.

ஆனால் ஆட்சி? அங்கேதான் படத்துக்கும் ஆளுக்கும் தூரம். வெர்டும்னஸ் கதை கல்யாணத்தில் முடிகிறது. ருடால்ஃபுக்கு ஸ்பெயின் இளவரசி இசபெல்லாவை நிச்சயம் பேசி, பேசி, வருடக்கணக்கில் இழுத்தடித்தார். காத்திருந்து அலுத்த இளவரசி 1599-ல் ருடால்ஃபின் தம்பியையே மணந்துகொண்டார். ருடால்ஃப் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் உண்டு. பட்டத்துக்கு வாரிசு இல்லை.

மனச்சோர்வு வேறு. 1600-ஐ ஒட்டி அது முற்றியது. மந்திரிகளைப் பார்க்க மாட்டார், தூதர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள், அவரோ தன் கூடத்துப் பொருட்களோடு அடைந்து கிடப்பார். துருக்கியரோடு 1593-ல் தொடங்கிய போர் பதின்மூன்று வருடம் இழுத்தது. 1606-ல் தம்பிகள் கூடிப் பேசி, அண்ணனுக்கு ஆளும் நிலை இல்லை, இனி மத்தியாஸ்தான் குடும்பத் தலைவர் என்று முடிவு செய்தார்கள். 1608-ல் ஹங்கேரியும் ஆஸ்திரியாவும் கைவிட்டுப் போயின. 1611-ல் பொஹீமியாவின் கிரீடமும் போனது. பேரரசர் என்ற பெயர் மட்டும் மிச்சம். 1612 ஜனவரியில் ப்ராக் கோட்டையிலேயே இறந்தார்.

வாங்கிய நாடுகள் பருவம் மாறுவது போல ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துகொண்டிருந்தபோது, அந்த முகம் மட்டும் சுவரில் வாடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பழம் மாறும், அழுகும் என்பதும் அந்தப் படத்திலேயே இருக்கிறதே என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். ஓவியர் அதை நினைத்தாரா? 1593-லேயே அவர் இறந்துவிட்டார். ருடால்ஃபின் வீழ்ச்சியை அவர் பார்க்கவே இல்லை. நமக்குப் பின்னால் நடந்தது தெரியும் என்பதற்காக, அதை அவர் தூரிகையில் ஏற்றுவது நியாயமில்லை.

படத்தின் கதை இன்னும் பாக்கி. 1618-ல் ப்ராக் கோட்டையின் ஜன்னலிலிருந்து பேரரசரின் அதிகாரிகளைத் தூக்கி வெளியே எறிந்ததில் தொடங்கியது முப்பதாண்டுப் போர். அந்தப் போர் முடிவதற்குச் சில மாதங்களே இருக்கும்போது, 1648 ஜூலையில், ஸ்வீடன் படை கோட்டைக்குள் புகுந்தது. சமாதானப் பேச்சு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. கையெழுத்து ஆகிவிட்டால் கொள்ளையடிக்க முடியாது. ஆகவே அவசர அவசரமாக ருடால்ஃபின் கூடத்தைக் காலி செய்தார்கள். நூற்றுக்கணக்கான ஓவியங்கள், சிலைகள், ‘சாத்தானின் பைபிள்’ என்று பெயரெடுத்த பிரம்மாண்டமான கையெழுத்துப் புத்தகம் உட்பட எல்லாம் ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாவுக்குப் போயின. அக்டோபரில் சமாதானம் கையெழுத்தானது.

ஸ்வீடனில் அந்தக் காய்கறி முகத்துக்கு அர்த்தம் சொல்ல யாரும் இல்லை. கவிதை ஓரிடம், படம் ஓரிடம் என்று பிரிந்துவிட்டன. ருடால்ஃப் யாரென்று தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆர்ச்சிம்போல்டோ என்ற பெயரே ஏறத்தாழ முந்நூறு வருடம் மங்கிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் சர்ரியலிஸ்ட் ஓவியர்கள் வந்து, கனவில் வருகிற மாதிரி இருக்கிறதே என்று அவரைத் தங்கள் தாத்தாவாகத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 1936-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் டாலி முதலானவர்களோடு அவர் பெயரும் இடம்பெற்றது. அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் கவிதைகளைத் தேடி எடுத்து, இது கனவும் இல்லை, பைத்தியக்காரத்தனமும் இல்லை, அரசாங்கக் காரியம் என்று நிறுவினார்கள்.

வெர்டும்னஸ் இப்போது இருப்பது ஸ்கோக்லோஸ்டர் என்ற கோட்டை மாளிகையில். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, மேலாரன் ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடம். கட்டியவர் கார்ல் குஸ்தாவ் ராங்கல், அதே முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் பக்கம் நின்ற தளபதி. 1676-ல் அவர் இறந்ததும் கொத்தனார்களும் தச்சர்களும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மாளிகையின் பெரிய கூடம் இன்றுவரை பூச்சு இல்லாமல், அன்றைய வேலைக் கருவிகளோடு, பாதியில் நிற்கிறது. எதிரித் தளபதியின் அந்த வீட்டில்தான், பரங்கிக்காய் மார்பை நிமிர்த்திக்கொண்டு, எல்லாப் பருவத்துக்கும் அதிபதியான ருடால்ஃப் இருக்கிறார். அதே மாளிகையில் துணைக்கு இன்னொருவரும் உண்டு. உடம்பு முழுக்கப் புத்தகங்களால் ஆன ‘நூலகர்’. அது வேறு கதை.